ரேடியேட்டரில் கிண்டிய களி

சவேரியார்பட்டி,
போச்சம்பள்ளி வழி.
12 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை வெஸ்லின் அவர்களுக்கு, ஜேம்ஸ் எழுதுவது.

உங்களோடு இனிமேல் பேச்சு கிடையாது என்று போன வருடம் மாதா திருவிழா அன்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். "போன் பண்ணா ஆகாதா?" என்று என் வீட்டுக்காரி அனிதா கேட்கிறாள். போனில் என் குரல் தானாக உயர்ந்துவிடும். உங்கள் குரல் தானாக இறங்கிவிடும். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

விஷயம் இதுதான். அப்பாவின் டிராக்டர் ஒழுகுகிறது. அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி, ஒழுகாமல் என்ன செய்யும் என்று நீங்கள் மனதுக்குள் சிரிக்கலாம். காலையில் ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அரைக் கொல்லை உழுவதற்குள் பாதி போய்விடுகிறது. கிருஷ்ணகிரியில் இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் புது ரேடியேட்டர் போடச் சொன்னார், இந்த வண்டிக்கு அது எங்கேயும் கிடைக்காது என்றும் அவரே சொன்னார். இன்னொருவர் வண்டியை எடைக்குப் போடு என்றார். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா தேர். அப்பா இந்த வண்டியை வாங்கிய வருடத்திலிருந்து தேரை இழுப்பது நம் வீட்டு வண்டிதான். போன வருடம் அது வடக்குத் தெரு முக்கில் நின்றதிலிருந்து, திருவிழாக் குழுத் தலைவர் அருளப்பனுக்குத் தன் புது டிராக்டரைத் தேருக்கு முன்னால் கட்டிப் பார்க்க ஆசை. இந்த வருடமும் நின்றால் அந்த மரியாதை நம் வீட்டை விட்டுப் போய்விடும். போனது திரும்பாது. அப்பா பெயர் சொல்ல இந்த ஊரில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் இருக்கிறீர்கள். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். வர வேண்டாம், எழுதினால் போதும். உங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் முனிவேல் எங்கள் பக்கத்து ஊர்தானே, அவரிடமே கொடுத்தனுப்பலாம்.

தங்கை மேரிராணிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணன் கேட்டான் என்று சொல்ல வேண்டாம்.

ஜேம்ஸ்


மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
15 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய திரு. ஜேம்ஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. 'மாப்பிள்ளை' என்று ஆரம்பித்திருந்தீர்கள். போன வருடம் தேர் நின்றபோது ஊரே பார்க்க நீங்கள் சொன்னதில் அந்த வார்த்தை இல்லை. "மாதாவ நம்பாதவன் கையில குடுத்தா வண்டி எப்பிடிய்யா நகரும்?" என்றீர்கள். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன் என்பது உங்கள் தங்கையைக் கட்டிக்கொடுக்கும் முன்பே உங்களுக்குத் தெரியும். "தேர் ஓட்டறது வீட்டு மாப்ளைக்கு மரியாதை" என்று கையைப் பிடித்து இழுத்து சீட்டில் உட்கார வைத்தவரும் நீங்கள்தான். அன்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். மேரிராணி அதற்குப் பிறகு பிறந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் தடுக்கவில்லை. "நீங்க இல்லாம நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்கிறாள்.

அது போகட்டும். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் கம்பெனியில் செய்வது அலுமினிய ரேடியேட்டர். சோதனையில் ஒழுகினால் சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். ஒழுகியதைச் சரிசெய்து நான் பார்த்ததே இல்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுடையது பழைய காலத்துப் பொருள், செம்புக் குழாயும் பித்தளைத் தொட்டியும். அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ரப்பர் குழாயா, மேல் தொட்டியா, கீழ்த் தொட்டியா? துணியால் துடைத்துவிட்டு அடியில் காய்ந்த அட்டை ஒன்றைப் போட்டால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். யார் என்ன யோசனை சொன்னாலும் உள்ளே எதையும் போடாதீர்கள்.

மேரிராணிக்கு வெறும் சளிதான், சரியாகிவிட்டது. நீங்கள் கேட்டதை நான் சொல்லவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி அவளே படித்துவிட்டாள்.

இப்படிக்கு,
வெஸ்லின்


சவேரியார்பட்டி,
18 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

போன வருடத்துக் கதைக்கு முக்கால் பக்கம், ஒழுகுவதற்குக் கால் பக்கம். நல்ல கணக்கு. பரவாயில்லை, இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். வேலை முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி அட்டை போட்டுப் பார்த்தேன். கீழ்த் தொட்டியும் குழாய்களும் சேருகிற இடத்தில் சொட்டியது. லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி முதலில் மஞ்சள் தூள் போட்டேன். சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஸ்வல்ப ராகி ஹிட்டு ஹாக்கி ஜேம்ஸண்ணா, நில்லுத்தே" என்று கன்னடத்தில் சொன்னார், கொஞ்சம் கேழ்வரகு மாவு போட்டால் நின்றுவிடுமாம். எனக்கும் சரியென்று பட்டது. புது மண்பானை கசிந்தால் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித்தானே அடைக்கிறோம்? பானைக்கு ஆகிற வைத்தியம் ரேடியேட்டருக்கு ஆகாதா? ஒரு கை மாவு போட்டேன். பாதி நின்றது. இன்னும் இரண்டு கை போட்டேன். இப்போது ஒரு சொட்டு இல்லை. அட்டை அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது.

கம்பெனியில் படித்தவர்கள் உள்ளே எதையும் போடாதே என்பீர்கள். நாங்கள் போட்டோம், நின்றது. வியாழக்கிழமை கோயில் முன்னால் குழுவின் எதிரில் ஓட்டிக் காட்டுவதாக அருளப்பனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் யோசனைக்கு நன்றி.

ஜேம்ஸ்


மூக்கண்டப்பள்ளி,
19 ஆகஸ்ட் 2025

மச்சான்,

கேழ்வரகு மாவா! வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். மற்றதைப் பிறகு படியுங்கள், முதலில் சாவியை எடுத்து அனிதா அக்காவிடம் கொடுங்கள்.

சுடுதண்ணீரில் கேழ்வரகு மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். களி ஆகும். நீங்கள் ரேடியேட்டருக்குள் களி கிண்டியிருக்கிறீர்கள். ஓட்டை அடைந்ததால் மட்டும் சொட்டு நிற்கவில்லை மச்சான், நல்ல குழாய்களும் சேர்ந்து அடைந்திருக்கும். தண்ணீர் சுற்றி வந்தால்தான் இன்ஜின் ஆறும். சுற்றாவிட்டால் கொதிக்கும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு அது கோயில் வாசலில் வைக்கிற பொம்மைதான்.

கெம்பம்மா மேல் கோபப்படாதீர்கள். அவர் ஒரு சிட்டிகை சொல்லியிருப்பார். மூன்று கை போட்டது உங்கள் தாராளம்.

ரேடியேட்டரைக் கழற்றி அனுப்புங்கள். முனிவேலிடம் நான் சொல்லி வைக்கிறேன். போன் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடமாக உங்கள் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை நீக்கிவிட்டுக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. என் பெயரைப் பார்த்து நீங்கள் எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வீம்புக்கும் ஓர் அளவு உண்டு.

வெஸ்லின்


சவேரியார்பட்டி,
22 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல அனிதா எழுதுகிறாள். என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது.

முனிவேலுக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம். உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. போன் மணி அடித்தது உண்மைதான். எடுக்காதது என் கொழுப்புதான்.

கோயில் முன்னால் குழு முழுவதும் நின்றது. நான் ஒரு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டினேன். கல்லறைத் தோட்டம் வரைக்கும் போய்த் திரும்பும்போது வாடை வந்தது. அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாடை. வண்டியை நிறுத்தினேன். சூட்டில் திறக்காதே என்று நீங்கள் எழுதியது தெரியும், ஆனால் அருளப்பன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன். ஆவியும் களியும் ஆள் உயரத்துக்கு எழும்பின. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. அருளப்பனின் சட்டையெல்லாம் களி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். நம் மதத்தில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

(தம்பி, இவர் வலியை மறைக்கிறார். நல்ல கொப்புளம். இரவில் முனகுகிறார். அனிதா.)

அருளப்பன் கோபப்படக்கூட இல்லை. தோளைத் தட்டி, "விடு ஜேம்சு, வயசான மாட்ட எத்தன நாள் அடிப்ப? இந்த வருசம் நம்ம வண்டியக் கட்டிக்கலாம்" என்றான். அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொடியேற்றத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஃபாதர் சொன்னதால் இன்னும் முடிவாகவில்லை.

இன்ஜினுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. வீட்டுக்குள் போகாமல் கொட்டகையில் வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ரேடியேட்டரைக் கழற்றி முனிவேலிடம் கொடுத்திருக்கிறேன். அது இனி உங்கள் பாடு.

ஜேம்ஸ்


மூக்கண்டப்பள்ளி,
31 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

முதலில் நல்ல செய்தி. ஒழுகவில்லை.

முனிவேல் உங்கள் ரேடியேட்டரை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்து அழைத்துவந்தார். ஏறின ஆட்கள் எல்லாம் நின்றுகொண்டு வந்தார்களாம். களி வாடை பஸ்ஸை விட்டு இன்னும் போகவில்லை என்று அவருக்கு உங்கள் மேல் வருத்தம்.

கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. கேட்டில் விடமாட்டார்கள், விட்டாலும் அங்கே ஈயம் கிடையாது. லாரி ரேடியேட்டர் பார்க்கும் ஆனந்தராஜ் என்பவர் சிப்காட் ரோட்டில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். மேல் தொட்டியை நெம்பித் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், கூட கொளம்பு எதுனா ஊத்தினீங்களா?" என்றார். எங்கள் மச்சான் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், தெரிந்தவர் ஒருவருடையது என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு குழாயாகத் தகட்டுக் கம்பி விட்டுக் குடைந்தோம். என் வார லீவு அதிலேயே போனது. அடுத்த லீவில் கீழ்த் தொட்டியைப் பிரித்துப் பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். ஓரத்தில் இரண்டு குழாய்கள் அரித்துப் போயிருந்தன. அவற்றை நிரந்தரமாக அடைத்துவிட்டோம், மீதி தாங்கும்.

பிறகு சோதனை. எங்கள் கம்பெனியில் மெஷின் ஒரு பச்சை விளக்கு காட்டும், அவ்வளவுதான். இங்கே பஞ்சர் பார்க்கிற மாதிரி சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றடித்தார். குமிழி வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி வந்தது. அது வெளியே ஒட்டியிருந்த காற்று. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றது. நான் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வரலன்னா வரல சார், எந்திரிங்க" என்றார் ஆனந்தராஜ். வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ ரேடியேட்டர்களைத் தள்ளிவிட்டிருக்கிறேன். ஒன்றைப் பார்த்து சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

மாட்டும் முன் இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பிழைத்தோம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எதுவானாலும் உடனே தெரிவியுங்கள்.

கை எப்படி இருக்கிறது? மேரிராணி கேட்கிறாள். நானும்தான்.

வெஸ்லின்


சவேரியார்பட்டி,
2 செப்டம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் கறுப்பு! தார் மாதிரி கறுப்பு. குச்சியை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், அனிதாதான் பார்த்துச் சொன்னாள். ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினோம். வீட்டில் செபமாலை தொடங்கி முடிகிற வரைக்கும் நின்ற இடத்தில் ஓட விட்டேன். சொட்டவில்லை, கொதிக்கவில்லை. கெம்பம்மாவும் வந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். டாக்டர் இந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது என்கிறார். அந்த ஸ்டியரிங் உங்களுக்குத் தெரியும், இரண்டு கையாலும் மல்லுக்கு நிற்க வேண்டும். தேரை நீங்கள் ஓட்ட வேண்டும். குழுவிடம் பேசிவிட்டேன், எல்லாம் சரி. மேரிராணியையும் அழைத்துவாருங்கள்.

வருவீர்களா என்று எழுதுங்கள்.

ஜேம்ஸ்


மூக்கண்டப்பள்ளி,
4 செப்டம்பர் 2025

மச்சான்,

'குழுவிடம் பேசிவிட்டேன், எல்லாம் சரி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன பேசினீர்கள் என்பதை அனிதா அக்கா மேரிராணிக்குப் போனில் சொல்லிவிட்டார்.

உங்கள் வண்டி வரட்டும், ஆனால் கோயிலைச் சேர்ந்த ஒருவன்தான் ஓட்ட வேண்டும், வேறு சபைக்காரன் கூடாது, போன வருடம் நீயே சொன்னாயே என்று அருளப்பன் கேட்டாராம். குழுவில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்களாம். நீங்கள் எழுந்து, "எங்க மாப்ள ஓட்டலன்னா எங்க வண்டி வராது. இந்த வருசம் மட்டும் இல்ல, எந்த வருசமும் வராது. உங்க வண்டியக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வாசல் வரை போய்விட்டீர்களாம். அப்போதுதான் ஃபாதர் கூப்பிட்டாராம். "ஜேம்ஸ், நில்லுங்க. அவருக்கு டிராக்டர் ஓட்ட லைசன்ஸ் இருக்கா?" "இருக்குங்க ஃபாதர்." "அப்புறம் என்ன, ஓட்டட்டும்." அத்தோடு கூட்டம் கலைந்ததாம்.

அப்பா பெயர் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்கு எழுதியவர் நீங்கள். அதையே விட்டுக்கொடுத்துவிட்டு வாசல் வரை நடந்திருக்கிறீர்கள், எனக்காக. அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. மேரிராணி அழுதாள். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வருடமாக உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ சுடுசொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

வருகிறோம். லீவு சொல்லிவிட்டேன். பயம் மட்டும் இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். தேர் நடை வேகத்தில்தான் போகும், நின்று நின்று போகும். கிழட்டு இன்ஜினுக்கு அதுதான் பெரிய சோதனை. வடக்குத் தெருவில் ஏற்றம் வேறு. மறுபடி அங்கே நின்றுவிட்டால் ஊர் உங்களைத்தான் பேசும். அப்படி நின்றாலும் நான் இறங்கி ஓடமாட்டேன்.

வெஸ்லின்


சவேரியார்பட்டி,
10 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றுக் காலைதான் உங்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மேரிராணி இங்கேயே இருக்கிறாள், இந்த நிமிடம் அடுப்படியில் அனிதாவோடு என்னைக் கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் இதைப் பேசினால் நடுவில் வேறு எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

தேர் புறப்பட்டதிலிருந்து கோயில் திரும்புகிற வரைக்கும் நீங்கள் முன்னால் பார்த்து ஓட்டினீர்கள். திரும்பவே இல்லை. பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நான் வண்டிப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். சொட்டுகிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதைப் பக்தி என்று நினைத்து ஃபாதர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். உண்மையில் அன்றைக்கு மாதாவிடம் நான் ஒரு அருள்நிறை மரியேகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பேன். தெற்குத் தெருவில் சொட்டவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கிளம்பியபோதும் சொட்டவில்லை.

வடக்குத் தெரு ஏற்றம் வந்தது. பாடிக்கொண்டிருந்த சனம் தானாகப் பாட்டைக் குறைத்துவிட்டது. எல்லோருக்கும் போன வருடம் நினைவு வந்திருக்கும். வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் கியர் மாற்றினீர்கள். இன்ஜின் ஒரு இழுப்பு இழுத்து முனகியது.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன் மாப்பிள்ளை. வண்டி என்னைத் தாண்டிப் போனது, தேர் தாண்டியது, மெழுகுவர்த்தி பிடித்த பெண்கள் தாண்டினார்கள். நான் அந்தோணிசாமி வீட்டுச் சாக்கடைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சவால் விட்ட மனுஷன், அந்த முக்கைத் தேர் தாண்டுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சாக்கடைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். நின்றுவிட்டால் இன்னொரு தடவை ஊர் உங்களைப் பார்க்கும். போன வருடம் அப்படிப் பார்க்க வைத்தவன் நான்தான். அதை நினைத்துத்தான் துண்டை எடுக்காமல் இருந்தேன், அப்பா பெயரெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. மேரிராணி.

"அண்ணா, தாண்டிருச்சு. எந்திரி."

துண்டை எடுத்துப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. முக்குக்கு அந்தப் பக்கம் சனம் முன்னை விட உரக்கப் பாடிக்கொண்டு போனது. நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டோம்.

நான் வண்டிப் பக்கத்தில் வந்ததும் நீங்கள் முன்னால் பார்த்தபடியே, "எங்க மச்சான் போனீங்க, ஆளக் காணோம்?" என்று கேட்டீர்கள். "செருப்பு அறுந்துருச்சு மாப்ள" என்றேன்.

செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள்,
ஜேம்ஸ் மச்சான்